பாறைக்கும் பனிக்கும் ஒரு ஜோடி

என் வீட்டுக்காரர் வில்பிரட்டுக்கு நாற்பத்திரண்டு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றி இறக்கும் கிரேன் ஓட்டுகிறார். தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி. கீழே குனிந்து பார்க்க வேண்டும் என்பதற்காகக் கூண்டின் தரையும் கண்ணாடிதான். எட்டு மணி நேரமும் தன் இரண்டு கால்களுக்கு நடுவே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய உத்தியோகம். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் மனுஷன் இப்படி ஆகிவிட்டார் என்பது என் கட்சி.

இப்படி என்றால், சோற்றில் ரசத்தை ஊற்றிவிட்டுப் பிசைய மறந்து ஜன்னலைப் பார்ப்பார். இன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நாளைக்குப் பதில் வரும். கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வருகிறது என்பதால் குடும்பத்தில் குறை ஒன்றும் இல்லை.

கார்த்திகை மழை விட்ட மறுநாள் காலையில், காற்றில் தூசி அடங்கியிருக்கும்போது, அந்தக் கூண்டிலிருந்து மேற்கே மலை தெரியுமாம். வெளிறிய நீலத்தில் ஒரு கோடு. பத்து நிமிஷம் இருக்கும், வெயில் ஏறியதும் கரைந்துவிடும். கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது மேகத்தைப் பார்த்துவிட்டு உளறுகிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு விடுமுறைக்குக் குற்றாலம் போனோம். எல்லோரும் அருவியில் தலையைக் கொடுத்து நிற்க, இவர் தண்ணீர் எங்கிருந்து விழுகிறது என்று பார்க்க மேலே ஏறிப் போய்விட்டார். வனத்துறைக்காரர்கள் பிடித்து வந்து என்னிடம் ஒப்படைத்தார்கள். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அங்கிருந்து பொதிகை மலை. அதன் பிறகு மணாலியில் ஒரு மாதம் மலையேற்றப் பயிற்சி. சேர்த்து வைத்த லீவு எல்லாம் அதற்கே போயிற்று. கடல் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே பிறந்து வளர்ந்த ஆளுக்கு உயரத்தின் மேல் இப்படி ஒரு பைத்தியம். கடைசியில் போன வருஷம் செப்டம்பரில் ஐயாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரமுள்ள ஒரு சிகரத்துக்குக் கிளம்பிவிட்டார். அந்த மலையின் அடியில் பாறை, உச்சியில் பனி, நடுவில் இரண்டும் கலந்து கிடக்கும் என்று படம் வரைந்து காட்டினார். நான் தலையை ஆட்டிக்கொண்டே மீன் நறுக்கினேன்.

நான் ஜெபசுதா. இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் குளிர் அறை சூப்பர்வைசர். எங்கள் அறை எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. வெளியே தூத்துக்குடி வெயிலில் தார் உருகும், உள்ளே அட்டைப்பெட்டிகளின் மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். பதினாறு வருஷமாக நான் முழங்கால் வரை ரப்பர் கம்பூட் போட்டுக்கொண்டு அந்த இரண்டுக்கும் நடுவே போய்வருகிறேன். அதனால் குளிர் எப்படிக் காலைப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மலைக்குப் போகும்போது பூட்ஸைப் பற்றி அவர் என்னைக் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

மணாலியில் வாடகைக்கு எடுத்திருக்கிறார். அவருடைய பாதம் எங்கள் கடற்கரைப் பாதம். சின்ன வயதில் மணலில் வெறுங்காலோடு ஓடியதில் விரல்கள் விசிறி போல விரிந்திருக்கும். வாடகைக் கடையில் இருந்த எதிலும் அது அடங்கவில்லை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருக்கிறார். பெரிதாக இருந்ததால் இரண்டு கம்பளிச் சாக்ஸ். அப்படியும் குதிகால் தூக்கியதால் லேஸை இழுத்து இறுக்கிக் கட்டியிருக்கிறார். இறுக்கினால் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத இடத்தில் எத்தனை சாக்ஸ் போட்டாலும் சூடு நிற்காது. இறால் அடுக்க எங்களிடம் வரும் பிள்ளைகள் இதை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள்.

உச்சிக்கு இருநூறு மீட்டர் பாக்கி இருக்கும்போது வழிகாட்டி இவருடைய நடையைப் பார்த்து நிறுத்திவிட்டார். பூட்ஸைக் கழற்றினால் இடது காலின் கடைசி இரண்டு விரல்களும் மெழுகுவத்தி நிறத்தில் இருந்தனவாம். அங்கேயே திருப்பி இறக்கிவிட்டார். இது எதுவும் எனக்குத் தெரியாது. இரண்டு நாள் போன் இல்லை. மூன்றாம் நாள் காலையில் நான் பனிமய மாதா கோவிலில் போய் நின்றேன். பனியே விழாத ஊரில் எங்கள் மாதாவுக்குப் பெயர் பனிமய மாதா. அவளுக்குத்தான் பனியைப் பற்றித் தெரியும் என்று நினைத்தேனோ என்னவோ, அவர் முழுசாகத் திரும்பி வந்தால் அடுத்த திருவிழாவில் பதினொரு நாளும் வெறுங்காலோடு கோவிலுக்கு நடப்பார் என்று நேர்ந்துகொண்டேன். நேர்ச்சை நேர்வது பெண்டாட்டி, நடப்பது புருஷன். எங்கள் தெருவில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

திரும்பி வந்தார். விரல்கள் முதலில் ஊதா, பிறகு கறுப்பு. நகங்கள் விழுந்து, கிறிஸ்துமஸுக்குள் முளைத்து, தோலும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. இன்னொரு முறை இப்படி ஆனால் விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் உடல் பரிசோதனை உண்டு. விரல் போன காலோடு நாற்பது மீட்டர் ஏணியில் ஏற விடமாட்டார்கள். அந்தக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டால் இவர் உயிரோடு இருந்தும் பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். சம்பளத்தை நான் சமாளிப்பேன். கீழே உட்கார்ந்திருக்கும் வில்பிரட்டை என்னால் சமாளிக்க முடியாது.

மார்ச் மாதம் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சுதா, அந்த எரநூறு மீட்டர் கெடக்குல்லா."

"எது?"

"மேல பாக்கி கெடக்குல்லா. ஆகஸ்டுல போயிட்டு வந்துருதேன்."

நான் மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. முகத்தைப் பார்த்தேன். தூக்கத்தில் சிரிக்கிற குழந்தை முகம்.

"போங்க. ஆனா பூட்ஸ நான் பாப்பேன். நான் பாத்து, நான் சரின்னு சொன்னாத்தான் டிக்கெட்டு."

"சரி" என்றார். அன்றைக்கு மட்டும் பதில் உடனே வந்தது.

முதலில் முத்தையாபுரத்தில் செந்தூர்பாண்டி அண்ணாச்சி கடைக்குப் போனோம். பாதித் துறைமுகத்துக்கு அவர்தான் செருப்பு விற்கிறவர். விரல் பக்கம் இரும்பு மூடி வைத்த சேஃப்டி ஷூ ஒன்றை எடுத்து மேஜை மேல் தட்டினார்.

"கண்டெய்னரே விழுந்தாலும் வெரலு அசையாது தம்பி. பனி என்ன செஞ்சிரும்?"

"அண்ணாச்சி, இரும்பு எங்க ரூமுக்குள்ள வந்தா அஞ்சு நிமிஷத்துல ஐஸ் கட்டி. வெரலு மேல ஐஸ் கட்டிய வச்சிக்கிட்டு மலை ஏறச் சொல்லுதியளா?" என்றேன்.

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் வியாபாரி. விற்கவில்லை என்றாலும் அளவு எடுத்துத் தந்தார். சாயங்காலம் வந்தது நல்லதாகப் போயிற்று, நாள் முழுக்க நடந்து கால் வீங்கி நிற்கும் நேரம் அதுதான் என்றார். அட்டையை விரித்து, இவரை உட்கார விடாமல் எழுந்து நிற்க வைத்து, முழுப் பாரமும் இறங்கிய பாதத்தைச் சுற்றிப் பென்சில் ஓட்டினார். இடது பாதம் வலதைவிட ஒரு நெல் நீளம் கூடுதல். நாற்பது வருஷமாக நடக்கிறவருக்கே அது தெரியாது. பிறகு ஒரு ஷூவை மாட்டிவிட்டு, ஓரத்தை அழுத்திக் கேட்டார்.

"சுண்டுவெரலு இடிக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

அந்த அட்டையை நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மே மாதம் முழுக்க நான் பூட்ஸ் படித்தேன். அவர் மலையைப் படித்தார். பாறைக்கென்று ஒரு வகை இருக்கிறது. லேசானது, அடிப்பாகம் வளையும், கல்லில் பல்லி போல ஒட்டும். பனிக்கென்று ஒரு வகை இருக்கிறது. பூட்ஸுக்குள் இன்னொரு பூட்ஸ், சூடாக இருக்கும், கனமாக இருக்கும். இவர் போகிற மலையோ காலையில் பாறை, மத்தியானம் பனி, திரும்ப ஒரு பாறை, திரும்பப் பனி என்று கிடக்கிறது. நடுவில் மாற்றிக்கொள்ள அங்கே யார் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள்? ஒரே ஜோடி இரண்டுக்கும் ஈடு கொடுக்க வேண்டும்.

முதலில் கூரியரில் வந்தது சிவப்பில் ஒரு லேசான ஜோடி. பார்க்க அவ்வளவு அழகு. நான் பூட்ஸின் மூக்கையும் குதிகாலையும் பிடித்து வளைத்தேன். தோசை போல மடங்கியது. பனியில் கிராம்பான் என்று பன்னிரண்டு இரும்புப் பல் வைத்த சட்டத்தை பூட்ஸுக்கு அடியில் மாட்ட வேண்டும். வளைகிற பூட்ஸில் அதை மாட்டினால் நடக்க நடக்கக் கழன்றுவிடும். சரிவில் கழன்றால் கதை முடிந்தது. சிவப்பு ஜோடி அன்றைக்கே திரும்பிப் போயிற்று.

இரண்டாவது அந்தப் பனிப் பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தபோது வீடே அதிர்ந்தது. அதிகாலையில் கடற்கரைக்குக் கூட்டிப் போய், அலை தடுக்கப் போட்டிருக்கும் கருங்கற்களின் மேல் ஏறச் சொன்னேன். ஒரு விரல்கடை அகலம் உள்ள விளிம்பில் மூக்கை ஊன்றி நிற்க வேண்டும். மூன்று முறை சறுக்கினார். கட்டுமரம் தள்ள வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அடியில கல்லு இருக்கா இல்லயான்னே தெரியல சுதா" என்றார் வில்பிரட்.

"தெரியலன்னா எறங்குங்க" என்றேன். அதுவும் திரும்பிப் போயிற்று. கூரியர் கொண்டுவரும் பையன் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

மூன்றாவது ஜோடி ஜூன் கடைசியில் வந்தது. சாம்பல் நிறம். அடிப்பாகம் பலகை போல, எவ்வளவு அழுத்தினாலும் வளையவில்லை. உள்ளே குளிர் தாங்கும் பஞ்சு ஒரே அடுக்கு. மூக்கைச் சுற்றி கல்லில் உரசினால் தேயாதபடி ரப்பர் பட்டை. குதிகாலில் கிராம்பானின் கொக்கி வந்து உட்கார ஒரு சின்ன விளிம்பு. செந்தூர்பாண்டி அண்ணாச்சி வரைந்த அட்டையை உள்ளே விட்டுப் பார்த்தேன், விரல் பக்கம் தாராளமாக இடம் இருந்தது. கருங்கல்லில் ஏறினார். அதே விரல்கடை விளிம்பில் மூக்கை ஊன்றி, கையை விட்டுவிட்டு, கடல் பக்கம் திரும்பி நின்றார். சூரியன் அப்போதுதான் மேலே வந்திருந்தது. நான் கூப்பிட்டும் அவர் இறங்கவில்லை.

வீட்டில் ஒரே சாக்ஸ் போட வைத்து மாடிப்படியில் ஏற்றி இறக்கினேன். குதிகால் தூக்கவில்லை. பனிச் சரிவில் மூக்கால் உதைத்து உதைத்துத்தான் படி வெட்ட வேண்டுமாம். அதற்காகச் சுவரை உதைக்கச் சொன்னேன். வலதால் இருபது, இடதால் இருபது. எங்களுக்குள் என்ன சண்டை என்று பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

"வெரலு முன்னால முட்டுதா?"

"இல்ல."

"ரெண்டு காலுலயும்?"

"இல்லன்னு சொல்லுதேம்லா."

பாறைக்குத் தேறிவிட்டது. பனிக்கு எங்கே போவது? என் கம்பெனி இருக்கிறதே. மேனேஜரிடம் நாலு நாள் நச்சரித்து அனுமதி வாங்கினேன். ஜூலை பத்தாம் தேதி, சரக்கு ஏற்றாத ஒரு மத்தியானம், வில்பிரட்டுக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டிவிட்டுக் குளிர் அறைக்குள் கூட்டிப்போனேன். கால் சராயைச் சாக்ஸுக்குள் விட்டு, பூட்ஸை நானே கட்டிவிட்டேன். இறுக்காமல், குதிகால் மட்டும் அசையாதபடி.

கதவு திறந்ததும் வெளிக்காற்று உள்ளே போய்ப் புகையாகிவிட்டது. அந்தப் புகைக்குள் அவர் மெல்ல நடந்து போனார். கூரை வரை அடுக்கியிருந்த பெட்டிகள் எல்லாம் வெள்ளை பூத்து நின்றன. மேலே குழாய்களில் படிந்திருந்த உறைபனி எங்கள் மூச்சுக்கு அசைந்து மாவு போல உதிர்ந்தது. மோட்டார் நின்றதும் காதில் ஒன்றுமே கேட்கவில்லை. வில்பிரட் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நின்று தலையைத் தூக்கிப் பார்த்தபடி, ஒரு காலை எடுத்து வைத்து, நிறுத்தி, அடுத்த காலை எடுத்து வைத்தார். மலையில் அப்படித்தான் நடப்பார்களாம். எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. பதினாறு வருஷமாக இறால் எண்ணிய அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் எங்கோ மேலே போய்க்கொண்டிருந்தோம். அந்த மத்தியானம் எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

கூட வந்த சந்தனமாரி, என் கீழே வேலை செய்கிறவள், இருபத்தைந்தாவது நிமிஷத்தில் கையை உதறினாள்.

"யக்கா, எனக்கு வெரலு எரியுது. ஒங்க எவரெஸ்டுக்கு நீங்களே போங்க" என்று வெளியே ஓடிவிட்டாள்.

எனக்கும் அரை மணிக்கு மேல் வலிக்கத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

"வெரலு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஒண்ணுமே செய்யல."

"கடைசி ரெண்டும்?"

"ஒண்ணுமே செய்யல சுதா."

பூட்ஸ் என்றால் இதுதான் பூட்ஸ் என்று நினைத்தேன். வெளியே வந்து சந்தனமாரியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அன்றைக்கே டிக்கெட் போட்டோம், ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ரயில். பூட்ஸ் காலுக்குப் பழக வேண்டும் என்று சாயங்காலங்களில் தெற்கே உப்பளப் பாதையில் ஐந்து மைல் நடந்தார். இரண்டு பக்கமும் உப்பு அம்பாரங்கள் வெள்ளையாக நிற்கும். நடந்துவிட்டு வந்து சாக்ஸைக் கழற்றினால் ஒரு கொப்புளம் இருக்காது.

ஜூலை இருபத்தாறு மாதா கோவிலில் திருவிழாக் கொடியேற்றம். நேர்ச்சை தொடங்கிவிட்டது. துறைமுகத்துக்குள் ஷூ இல்லாமல் விடமாட்டார்கள், அதனால் வேலை நேரத்துக்கு மட்டும் மாதாவிடம் நானே விலக்கு வாங்கிக்கொண்டேன். மற்றபடி வீட்டிலிருந்து கோவிலுக்கு, கோவிலிலிருந்து வீட்டுக்கு, தினமும் வெறுங்கால். மத்தியான வெயிலில் தார் ரோட்டில் பூனைகூடக் குதித்துத்தான் போகும். இவர் பொறுமையாக, கடையில் தொங்கும் பலூன்களைப் பார்த்துக்கொண்டு நடந்தார். நேர்ந்தது நானாயிற்றே என்று நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருநாள் கூட நடந்தேன். பாதி வழியில் ஆட்டோ பிடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் ஐந்து, திருவிழாவின் கடைசி நாள். காலைப் பூசை முடிந்து பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படியில் நின்றேன். கூடத்தில் அவருடைய பை கட்டித் தயாராக இருந்தது, அதன் மேல் பூட்ஸ்.

"டீ போடுதியா சுதா? கூட்டம் இன்னைக்கு எக்கச்சக்கம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, நாட்காட்டியைப் பார்த்து, திரும்பவும் வாசல் பக்கம் போனார்.

நான் டம்ளரோடு திரும்பினேன். வெள்ளை டைல்ஸ் தரையில் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும், அங்கிருந்து நாட்காட்டி வரைக்கும், பிறகு வாசலுக்கு, பொட்டு வைத்தது போல ரத்தம். இடது காலடிக்கு ஒரு பொட்டு.

"ஏங்க, கால்ல என்னது?"

"எங்க?" என்று குனிந்து வலது காலைப் பார்த்தார்.

உட்கார வைத்துப் பாதத்தைத் தூக்கினேன். சுண்டுவிரலுக்கு அடியில் கண்ணாடிச் சில்லு ஒன்று, அரை அங்குலம் இருக்கும், சதைக்குள் இறங்கியிருந்தது. பக்கத்து விரலுக்கு அடியில் தார் சுட்ட கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. அது இரண்டு மூன்று நாள் ஆன புண்.

"வலிக்கலயா?"

நான் இடுக்கியால் சில்லைப் பிடித்து இழுத்தேன். அந்த மனுஷனின் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"கண்ண மூடுங்க" என்றேன். மூடினார். கட்டை விரலைத் தொட்டேன்.

"கட்டவெரலு."

அடுத்ததைத் தொட்டேன், சரியாகச் சொன்னார். நடுவிரலையும் சொன்னார். நாலாவதை அழுத்தினேன். சும்மா இருந்தார். சுண்டுவிரலை நகத்தால் கிள்ளினேன். சும்மா இருந்தார். பிறகு நான் எதையுமே தொடாமல் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சுண்டுவெரலு" என்றார் கண்ணைத் திறக்காமல்.

எங்கள் குளிர் அறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. விரல் வலிக்கிறது, எரிகிறது என்று கத்துகிற பிள்ளையை நாங்கள் அவசரப்படுத்துவதில்லை, கேலி பண்ணிக்கொண்டே வேலையை முடிக்க விடுவோம். கத்திக்கொண்டிருந்தவள் விரல் மரத்துப்போய்ச் சத்தம் இல்லாமல் நின்றால்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து வெளியே இழுப்போம். பதினாறு வருஷத்தில் எத்தனை பேரை இழுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் நாற்பத்தைந்து நிமிஷம் இவர் பக்கத்தில் நின்று, ஒண்ணுமே செய்யல என்று இவர் சொன்னதைக் கேட்டு, பூட்ஸைப் புகழ்ந்துகொண்டு வெளியே வந்தேன். அந்த இரண்டு விரலிலும் குளிர் ஏறியதா, சூடு நின்றதா, முன்னால் முட்டியதா, ஓரம் இடித்ததா, எதுவும் யாருக்கும் தெரியாது. கடற்கரைக் கல்லிலும் மாடிப்படியிலும் நாங்கள் சோதித்ததெல்லாம் மற்ற எட்டு விரல்களுக்குத்தான்.

"எப்ப இருந்து?"

"வந்ததுல இருந்தே அப்படித்தான். நகம் மொளச்சிட்டுல்லா, அதுவும் பின்னால வந்துரும்னு நெனச்சேன்."

"கேட்டப்பல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னியளே."

"இல்லன்னு சொன்னா நீ விடமாட்ட."

"விடமாட்டேன்தான்" என்றேன். எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. இனிமேல் இவர் போகமாட்டார் என்ற நிம்மதி. அது வந்ததற்காக உடனே வெட்கமாக இருந்தது. கோபம் அதற்கும் பிறகுதான் வந்தது. எழுந்துபோய் அந்தப் பையை ஓர் உதை விட்டேன். பூட்ஸ் இரண்டும் உருண்டு கதவோரம் போய் விழுந்தன. அவர் அப்படியே காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். தெருவில் பாண்டு வாத்தியம் போய்க்கொண்டிருந்தது.

புண்ணைக் கழுவி, மருந்து போட்டு, துணி சுற்றினேன். சுற்றி முடித்ததும் சொன்னேன்.

"போகாதிங்கன்னு நான் சொல்லமாட்டேன். ஒருநாளும் அத நான் சொன்னதா இருக்கக் கூடாது. அந்த வழிகாட்டிக்கு நீங்களே போன் போட்டு, ஒள்ளதச் சொல்லுங்க. அவரு வாங்கன்னா போங்க."

நாளைக்குத்தான் பதில் வரும் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் கதவோரம் கிடந்த பூட்ஸைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். அவருடைய இந்தி துறைமுகத்து லாரிக்காரர்களிடம் கற்றது. இரண்டு விரல், இரண்டு விரல் என்று பலமுறை சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கேட்க, இல்லை என்றார். திரும்பவும் கேட்க, இல்லை என்றார். அப்புறம் சரி, சரி என்று சொல்லிவிட்டு போனைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னாரு?"

"வலிக்கான்னு கேட்டாரு. இல்லன்னேன். வலிச்சா வா, வலிக்கலன்னா வராதன்னுட்டாரு. உறைஞ்சா ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அப்புறம் ரெண்டோட நிக்காதுன்னு சொல்லுதாரு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். துணி சுற்றிய பாதத்தை எடுத்து என் மடியில் வைத்தார், கேட்காமலே. அவர் அழவில்லை. கண் மட்டும் எங்கேயோ உயரத்தில் இருந்தது. அந்த இருநூறு மீட்டரை அவர் அங்கே உட்கார்ந்தபடியே ஒருமுறை ஏறிப் பார்க்கிறார் என்று தோன்றியது. நான் அழுதேன். மலை எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் அழுதேன்.

"சுதா."

"என்ன?"

"அன்னைக்கு ஒங்க குளிர் ரூமுல நின்னோம்லா. ஒனக்கு வெரலு எப்படி இருந்துச்சு?"

"இப்ப அது எதுக்கு?"

"எனக்கு அங்கன ஒண்ணுமே தெரியாமப் போச்சு. எப்படி இருக்கும்னு சொல்லு. மெதுவாச் சொல்லு."

பதினாறு வருஷத்தில் எத்தனை டன் ஏறிற்று என்று கேட்டிருக்கிறார்கள், டிகிரி எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி இருக்கும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மொதல்ல கட்டவெரலு நுனியில ஊசி குத்துத மாதிரி இருக்கும் என்று ஆரம்பித்தேன்.